7. ‘வழக்கம்போல’ என்று எழுதாதீர்கள்: சர்வர்களை ஆன்சிபிள் கொண்டு பராமரித்தல்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பால் கொள்முதல் நிறுவனத்தில் நான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதான சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் இருந்ததால் யாரும் பெரிதாகப் பதறவில்லை. புது டிஸ்க் வாங்கிப் போட்டு, உபுண்டு நிறுவி, டேட்டாபேஸை மீட்டு, புதன்கிழமை மதியத்துக்குள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை விடிகாலை அரூர் பக்கத்து நிலையத்திலிருந்து போன் வந்தது. பால் ஊற்றிவிட்டுச் சீட்டு வாங்கிய ஒரு அம்மா கேட்டதை ஆபரேட்டர் அப்படியே சொன்னார்: “ஏம்ப்பா தம்பி, இதுல நேத்து தேதி போட்டிருக்குதே. அப்ப இன்னிக்கு ஊத்துன பாலு எங்க போச்சு?”

புதிதாக நிறுவிய சர்வரின் கடிகாரம் யுடிசி நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே காலை 5:30 வரை அந்தச் சர்வரைப் பொறுத்தவரை நேற்றுதான். சீட்டில் தேதியும் காலையா மாலையா என்பதும் மட்டுமே அச்சாகும், மணி அச்சாகாது. 5:30 தாண்டி வந்தவர்களுக்குச் சரியான தேதி கிடைத்துவிட்டது. இருட்டோடு எழுந்து கறந்து, முதல் ஆளாக வந்து நின்றவர்களின் பால்தான் நேற்றைய கணக்கில் இரண்டாவது முறையாக ஏறியது. அந்த வாரப் பட்டுவாடாவுக்கு முன் ஒவ்வொரு சீட்டையும் எடுத்து வைத்துக் கையால் திருத்தினோம்.

எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர் திறமைசாலி, பொறுப்பானவரும்கூட. போகும்போது ஒரு நீளவாக்கு நோட்டில் சர்வரை அமைக்கும் முறையை எண் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஐந்தாம் எண் வரை அழகாக இருக்கும். ஆறாவதில், “டைம், ஃபயர்வால் எல்லாம் வழக்கம்போல.” அந்த வழக்கம் என்ன என்பது அவர் நினைவில் இருந்தது. அவரோ பெங்களூருவில் இருந்தார். போன் செய்ததும் எடுத்தார், அக்கறையாகப் பேசினார். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலையில் தட்டிய நான்கு கட்டளைகள் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இது ஒரு தனி ஆளின் குறை இல்லை. தருமபுரியில் லினக்ஸ் நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு ஓசூரும் பெங்களூருவும் ரயிலேறினால் வந்துவிடும் தூரம். சம்பளம் அங்கேதான் இருக்கிறது. போகிறவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் சர்வரைப் பற்றிய அறிவும் அதே ரயிலில் ஏறிப் போக வேண்டியதில்லை. ஆன்சிபிள் போன்ற கன்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் கருவிகளை நான் வேகத்துக்காகச் சிபாரிசு செய்யவில்லை. இரண்டே சர்வர் வைத்திருந்தாலும் இவை வேண்டும். அந்த நோட்டில் எழுதியதைக் கணினியே படித்து, எழுதியபடியே நிறைவேற்றும் என்றால் ‘வழக்கம்போல’ என்று ஒருவர் எழுதவே முடியாது. கணினி அந்த இடத்திலேயே நின்று, புரியவில்லை என்று சொல்லிவிடும்.

சர்வர் என்றாலே சென்னை, பெங்களூரு சமாசாரம் என்று நினைப்பவர்கள் தங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தை எட்டிப் பார்க்கலாம். இ-கோர்ட்ஸ் திட்டத்தில் நாடு முழுவதும் கீழமை நீதிமன்றங்கள் பயன்படுத்தும் சிஐஎஸ் வழக்குத் தகவல் மென்பொருள் கட்டற்ற மென்பொருள்களின்மீது எழுப்பப்பட்டது, உபுண்டு லினக்ஸில் ஓடுவது. ஒரே மாதிரி அமைய வேண்டிய கணினிகள், ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பவை: நம் மாவட்டத்துச் சிக்கலே இந்த இரண்டும் சேர்ந்ததுதான். கூட்டுறவுச் சங்கம், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எதை எடுத்தாலும் இதே கதை.

செய் என்பதும் இருக்க வேண்டும் என்பதும்

“கதவைச் சாத்து” என்பது ஏவல். “கதவு சாத்தியிருக்க வேண்டும்” என்பது நிலை. ஏற்கெனவே சாத்தியிருக்கும் கதவைப் பார்த்து முதல் வாக்கியத்தைச் சொன்னால் கேட்பவர் விழிப்பார். இரண்டாவதைச் சொன்னால், பார்த்துவிட்டு, “சாத்தித்தான் இருக்கிறது” என்பார். ஷெல் ஸ்கிரிப்ட் முதல் வகை. ஒரு கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எழுதிய ஸ்கிரிப்ட்டைப் பத்து முறை ஓட்டினால் அந்த வரி பத்து முறை சேரும். ஆன்சிபிளின் லைன்-இன்-ஃபைல் மாட்யூலில் அதையே எழுதினால் வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும். எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். இந்தக் குணம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

இந்தச் சிந்தனை புதிதல்ல. ஆஸ்லோவில் இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜெஸ் தன் துறையின் கணினிகளைப் பராமரிக்க 1993-இல் சிஎஃப்இன்ஜினை எழுதினார். 2005-இல் லூக் கேனீஸின் பப்பெட், 2009-இல் ஷெஃப், 2011-இல் சால்ட், 2012-இல் மைக்கேல் டிஹானின் ஆன்சிபிள் என்று வரிசையாக வந்தன. ஆன்சிபிளை 2015-இல் ரெட் ஹேட் வாங்கியது. அந்தப் பெயர் அர்சுலா லெ குவின் 1966-இல் எழுதிய நாவலில் வரும் ஒரு தொலைத்தொடர்புக் கருவியுடையது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சொன்ன நொடியில் சேதி போய்ச் சேருமாம். மலைக் கிராமத்து சிம் கார்டு இணைப்பில் அது எந்த அளவுக்கு நடக்கும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எதை எடுப்பது? பப்பெட்டில் ஒவ்வொரு கணினியிலும் ஓர் ஏஜென்ட் இருக்கும். அது அரை மணிக்கு ஒரு முறை தலைமைச் சர்வரைக் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பெரிய இடங்களுக்கு நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தத் தலைமைச் சர்வரையும் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். ஷெஃப் கற்க ரூபி மொழியோடு கொஞ்சம் பழக வேண்டும். சால்ட் வேகமானது. ஒற்றை ஆளாக வேலை பார்ப்பவருக்கு நான் ஆன்சிபிளைத்தான் சொல்வேன். எதிர்முனையில் எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும், லினக்ஸ் சர்வர்களில் இவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: இன்னும் சென்ட்ஓஎஸ் 7 ஓட்டுகிறீர்கள் என்றால் அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. ஆன்சிபிள்-கோர் 2.17 முதல் அதிலுள்ள பைத்தான் 2.7-உடன் வேலை செய்யாது. ஆட்டோமேஷனைத் தொடங்கும் முன் அந்தச் சர்வரை வேறொன்றுக்கு மாற்றும் வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் பிளேபுக்

முதலில் இன்வென்டரி. உங்களிடம் என்னென்ன கணினிகள் இருக்கின்றன என்ற பட்டியல்தான் அது. ஒரே கணினியைப் பல குழுக்களில் வைக்கலாம். தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று ஏழு தாலுகாவுக்கும் ஒரு குழு. டேட்டாபேஸ், வெப், நிலையக் கணினி என்று வேலைவாரியாக வேறு குழுக்கள். “பென்னாகரத்து நிலையக் கணினிகள் மட்டும்” என்று பிறகு ஒரே வரியில் சொல்ல முடியும். பல இடங்களில் இந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போதுதான், யாருக்கும் நினைவில்லாத ஒரு சர்வர் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருப்பது தெரியவரும்.

இருக்க வேண்டிய நிலைகளை டாஸ்க் டாஸ்க்காக எழுதி வைக்கும் கோப்புதான் பிளேபுக். முதல் பிளேபுக்கை நேரத்தில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். மூன்றே டாஸ்க். ஒன்று, டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தாவாக இருக்க வேண்டும். இரண்டு, கடிகாரத்தை ஒத்திசைக்கும் க்ரோனி பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்க வேண்டும். மூன்று, க்ரோனியின் கன்ஃபிக் கோப்பு நாம் வைத்திருக்கும் மாதிரிக்கோப்பைப் போலவே இருக்க வேண்டும். அந்த மாதிரிக்கோப்பில் நேரம் எங்கிருந்து எடுக்கப்படும் என்பது இருக்கும். இந்தியக் கணினி அவசரகாலச் செயற்குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, இல்லையென்றால் அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு, கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. அதை நான்காவது டாஸ்க்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சர்வர்கள் யுடிசியில்தான் இருக்க வேண்டும், மென்பொருள்தான் நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பவர்கள் உண்டு. புதிதாக எழுதும் மென்பொருளுக்கு அது சரியான முறை. சர்வர் கடிகாரத்தை அப்படியே எடுத்துச் சீட்டில் அச்சிடும் பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு அந்தக் கொள்கையைப் பிடித்துத் தொங்கினால் விடிகாலையில் வருபவரின் பால் கணக்கில்தான் கைவைப்போம்.

டாஸ்க்குகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். மாறிகளின் பெயர்களுக்கு ஆங்கில எழுத்து வேண்டும், ஆனால் டாஸ்க் பெயரும் குறிப்புகளும் எந்த மொழியிலும் இருக்கலாம். நான், “சீட்டில் தேதி தவறாமல் இருக்க நேர மண்டலம்” என்று பெயர் வைத்தேன். எதைச் செய்கிறோம் என்பதை மாட்யூலே சொல்லிவிடும். ஏன் செய்கிறோம் என்பதைச் சொல்லும் இடம் இந்தப் பெயர்தான். அடுத்து வருபவருக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுதான்.

இனி ஓட்டுவது. முதலில் செக், டிஃப் என்ற இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், எந்தக் கோப்பில் எந்த வரி மாறப்போகிறது என்று மட்டும் காட்டும். படித்துப் பார்த்துத் திருப்தியானால் உண்மையாக ஓட்டுங்கள். திரையில் மஞ்சள் நிறத்தில் வருவது மாற்றியது, பச்சை ஏற்கெனவே சரியாக இருந்தது, சிவப்பு தோல்வி. முடிந்ததும் உடனே இன்னொரு முறை ஓட்டுங்கள். இந்தத் தடவை ஒரு மஞ்சள்கூட வரக்கூடாது, கடைசி வரியில் சேஞ்ச்டு என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். பூஜ்யம் வராவிட்டால் நீங்கள் எங்கோ நிலையை எழுதாமல் ஏவலை எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஷெல், கமாண்ட் மாட்யூல்கள்தான் காரணமாக இருக்கும். அவை ஒவ்வொரு முறையும் மாற்றியதாகவே சொல்லும், செக் ஆப்ஷனில் பொதுவாக ஓடவும் ஓடாது. வேறு மாட்யூலே இல்லாதபோது மட்டும் அவற்றைத் தொடுங்கள்.

ஹேண்ட்லரில் ஒரு பள்ளம் இருக்கிறது, அனுபவசாலிகளும் விழும் பள்ளம். கோப்பு மாறினால் மட்டும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய் என்று சொல்வது ஹேண்ட்லர். அது உடனே ஓடாது, எல்லா டாஸ்க்கும் முடிந்தபின் கடைசியில்தான் ஓடும். நடுவில் ஏதாவது டாஸ்க் தோற்றுவிட்டால் அந்தக் கணினியில் ஹேண்ட்லர் ஓடாமலே போய்விடும். நீங்கள் பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டுவீர்கள். கோப்பு முதல் ஓட்டத்திலேயே மாறிவிட்டதால் இப்போது அது பச்சை. பச்சை என்பதால் ஹேண்ட்லருக்குச் சேதியே போகாது. ஆக, கோப்பில் புது அமைப்பு, ஓடும் சர்வீஸில் பழைய அமைப்பு, திரை முழுக்கப் பச்சை. என்றைக்கோ கரண்ட் போய் சர்வர் ரீபூட் ஆகும் நாளில்தான் இது வெடிக்கும். ஆன்சிபிளின் அமைப்புக் கோப்பிலேயே ஃபோர்ஸ்-ஹேண்ட்லர்ஸை இயக்கி வைத்துவிடுங்கள்.

எட்டாத கணினிகள்

தருமபுரியிலோ பாலக்கோட்டிலோ இருக்கும் சர்வர்களை மேசையில் உட்கார்ந்தபடி எட்டலாம். சித்தேரி மலைப் பக்கத்து நிலையக் கணினியை எட்ட முடியாது. பெரும்பாலும் அது சிம் கார்டு மோடத்தில் இருக்கும். மொபைல் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைப்பதால், உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லை. போதாததற்குப் பால் வேளை முடிந்ததும் கணினியை அணைத்துவிடுவார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் நல்ல பழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். நீங்கள் பகல் பதினொரு மணிக்கு பிளேபுக் ஓட்டினால் வரிசையாக அன்ரீச்சபிள் என்று சிவப்பில் வரும்.

இங்கே திசையைத் திருப்பிப் போட வேண்டும். ஆன்சிபிள்-புல் என்றொரு கட்டளை அதனுடனேயே வருகிறது. நிலையக் கணினியிலேயே ஆன்சிபிளையும் கிட்டையும் நிறுவிவிட்டால், அந்தக் கணினி தானாக வெளியே போய் கிட் களஞ்சியத்திலிருந்து பிளேபுக்குகளை இறக்கித் தன்மீதே ஓட்டிக்கொள்ளும். கணினி எழுந்ததும் ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை என்று டைமர் வையுங்கள். எல்லாக் கணினிகளும் காலை ஐந்து மணிக்கு ஒன்றாக எழுந்து ஒரே நேரத்தில் களஞ்சியத்தின்மீது மோதாதபடி, ஸ்லீப் ஆப்ஷனில் ஒரு வரம்பு கொடுத்தால் அதற்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து தொடங்கும். களஞ்சியத்தில் மாற்றம் வந்தால் மட்டும் ஓடச் சொல்லும் ஆப்ஷனும் உண்டு, டேட்டா மிச்சமாகும். ஆனால் அதை மட்டும் நம்பினால் நிலையத்தில் யாரோ கையால் மாற்றியதைத் திருத்தாமல் விட்டுவிடும். நாளுக்கு ஒரு முறையாவது முழுசாக ஓடட்டும்.

இதில் பாஸ்வேர்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ரகசியங்களை ஆன்சிபிள்-வால்ட் கொண்டு பூட்டித்தான் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். புல் முறையில் அந்தப் பூட்டின் சாவி நிலையக் கணினியிலேயே இருந்தாக வேண்டும். ஒரு மினி பிசி திருட்டுப் போனால் சாவியும் சேர்ந்து போகும். ஆகவே நிலையக் கணினிகளுக்குத் தனிக் களஞ்சியம், தனிச் சாவி, படிக்க மட்டும் அனுமதி. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அந்தக் களஞ்சியத்தின் பக்கமே போகக்கூடாது.

ஒன்று விட்டுப்போனால், எல்லாமே சேர்ந்து போனால்

அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-க்கு முன் தன் எட்டு சர்வர்களில் ஒரு புது மென்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. கையால் ஏற்றியவர் ஏழில் ஏற்றினார், எட்டாவது விடுபட்டுப்போனது, இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. அந்த எட்டாவதில் பல வருடம் முன்பே கைவிடப்பட்ட பழைய நிரல் இன்னும் இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நிறுவனம் அதிலிருந்து தனித்து மீளவே இல்லை, அடுத்த ஆண்டு வேறொன்றோடு இணைக்கப்பட்டது. எட்டே சர்வர்தான் என்பதைக் கவனியுங்கள். ஒரு ஆள் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும் எண்ணிக்கை.

எழுதி வைத்து ஓட்டினால் எட்டாவது விடுபடாது. ஆனால் தவறையே எழுதி வைத்திருந்தால் அது எட்டுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது நினைவிருக்கும். அதனால் சீரியல் என்ற அமைப்பில் முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு மீதி என்று கொடுங்கள். முதல் கணினி தோற்றால் ஆன்சிபிள் அங்கேயே நின்றுவிடும். அந்த முதல் கணினி உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

குறிப்பாக ஃபயர்வாலும் எஸ்எஸ்எச்சும். 22-ஆம் போர்ட்டைத் திறக்கும் டாஸ்க்குக்கு முன்பே மற்றதையெல்லாம் மூடும் டாஸ்க் இருந்தால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையை நீங்களே வெட்டுகிறீர்கள், அடுத்த வேலை அரூர் பஸ்ஸைப் பிடிப்பது. ஃபயர்வாலைத் தொடும் முன், பத்து நிமிடத்தில் அதை அணைத்துவிடும்படி அட் கட்டளையில் ஒன்றைப் போட்டு வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துகொள்ளலாம். எஸ்எஸ்எச்சின் கன்ஃபிக், சூடோயர்ஸ் இரண்டுக்கும் டெம்ப்ளேட் மாட்யூலில் வேலிடேட் என்ற வரி கொடுக்க இடமுண்டு. கோப்பில் இலக்கணப் பிழை இருந்தால் அதை இடத்தில் வைக்கவே வைக்காது. இந்த இரண்டு கோப்புகளுக்கும் அந்த வரி இல்லாத பிளேபுக்கை நான் யாரிடமிருந்தும் ஏற்றுக்கொள்வதில்லை.

இரவு ஒரு மணிக்குக் கோளாறு வந்தால் யாராக இருந்தாலும் சர்வருக்குள் போய்க் கோப்பைக் கையால் திருத்தத்தான் செய்வோம். திருத்துங்கள், முதலில் பால் கணக்கு ஓடட்டும். ஆனால் மறுநாள் காலை முதல் வேலையாக அதே திருத்தம் பிளேபுக்குக்குள் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த ஓட்டம் உங்கள் திருத்தத்தை அழித்து, பழைய கோளாறைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். நாம் பராமரிக்கும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும், “இது ஆன்சிபிள் எழுதிய கோப்பு. திருத்தினால் களஞ்சியத்திலும் திருத்தவும்” என்று ஒரு வரி வரும்படி மாதிரிக்கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாளை ஒதுக்குங்கள். மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றை எடுத்து, டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, வெறும் உபுண்டு மட்டும் நிறுவி, சர்வர் வேலை அதிகம் தெரியாத ஒருவரை உட்கார வையுங்கள். கையில் களஞ்சியத்தின் முகவரி, வால்ட் சாவி, முந்தைய நாள் பேக்கப், இவை மட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கெல்லாம் திரும்பி உங்களைப் பார்க்கிறாரோ அதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அத்தனையும் இன்னும் எழுதப்படாமல் உங்கள் தலைக்குள்ளேயே இருப்பவை. அன்று மாலைக்குள் அவற்றை டாஸ்க்குகளாக எழுதிச் சேர்த்து, கணினியை இரவு முழுக்க ஓட விட்டுவிட்டு, மறுநாள் விடிகாலை 5:10-க்கு ஒரு சீட்டு அச்சிடச் சொல்லித் தேதியைப் பாருங்கள்.